நாய்க்குத் தெரிந்த கை

கடந்த நத்தாருக்கு எங்கள் றெஸ்ரோறன்ற் இரண்டு நாள் பூட்டு. என்னோடு கோப்பை கழுவும் அண்ணையின் அறையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். ‘த விசார்ட் ஒவ் ஓஸ்’ என்ற பழைய அமெரிக்கப் படம் போனது. 1939இல் வெளிவந்தது. டொரதி என்ற சிறுமியையும் டோட்டோ என்ற அவளுடைய சின்ன நாயையும் சூறாவளி ஒன்று அள்ளிக்கொண்டுபோய் ஒரு மாய நாட்டில் போட்டுவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பிப் போகவேணும் என்பதே படம் முழுக்க அவளுடைய வேண்டுதல். எங்களைப் போன்ற ஆட்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் அண்ணை டொரதியைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்குள் அடைத்தால் பாய்ந்து தப்புகிறது. சொன்ன இடத்தில் குரைக்கிறது. சிறுமி கவலையோடு பாடும்போது முன்னங்காலைத் தூக்கி அவளிடம் கொடுக்கிறது.

“தம்பி, உந்த நாய்க்குச் சம்பளம் குடுத்திருப்பாங்களோ?”

“நாய்க்கு என்னத்துக்கு அண்ணை சம்பளம்?”

“ஏன், அதுவும் வேலைதானே செய்யுது.”

பகிடியாகக் கேட்டதுதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்தை அரைவாசியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு இப்படியான கேள்விகளில் ஒரு பிடிப்பு இருக்கிறது. தேடத் தொடங்கினேன். தேடிப்போன வழி கலிபோர்ணியாவில் தொடங்கி நான் இருக்கிற இந்த ஜேர்மனிக்கே திரும்பி வந்து நின்றது.

டோட்டோவாக நடித்த நாயின் சொந்தப் பெயர் டெரி. படத்தில் அது கடுவன், உண்மையில் பெட்டை. ஸ்கொட்லாந்தின் கற்குவியல்களுக்குள் எலியும் நரியும் பிடிக்க வளர்க்கப்பட்ட ‘கெயர்ன் ரெரியர்’ என்ற சிறிய சாதி. 1933 நவம்பர் 17இல் பிறந்தது. வீட்டுக் கம்பளத்தில் மூத்திரம் பெய்கிறது என்று அதன் சொந்தக்காரர்கள் ஹொலிவூட்டில் இருந்த நாய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். பழக்கி முடிந்தது. காசு கட்டவும் ஆள் வரவில்லை, நாயைக் கூட்டிப்போகவும் ஆள் வரவில்லை. கட்டப்படாத ஒரு பில்லுக்குப் பதிலாக டெரி அங்கேயே தங்கிவிட்டது. வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் பயந்து கட்டிலின் கீழ் பதுங்கிக் கிடந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்துக்கு ‘ரியர்ஹைம்’ என்று பெயர். எங்களை முதலில் கொண்டுபோய் விட்ட இடத்துக்கு ‘அசுல்ஹைம்’. ஹைம் என்றால் வீடு. கட்டிலுக்குக் கீழே கிடந்த நாயை எனக்கு விளங்குகிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் கார்ல் ஸ்பிற்ஸ் என்ற ஜேர்மனியர். (ஸ்பிற்ஸ் என்பது ஜேர்மனியில் ஒரு நாய்ச் சாதியின் பெயரும்கூட. சிலருக்குத் தொழில் பெயரிலேயே எழுதிக்கிடக்கிறது.) முதலாம் உலகப்போரில் ஜேர்மன் இராணுவத்துக்கு நாய் பழக்கியவர். 1926இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். அவர் கொண்டுபோன முதல் என்ன என்று பார்த்தால், நாயோடு கதைக்கத் தெரிந்த இரண்டு கைகள்தான்.

அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. பிரான்ஸ் எல்லைக்குக் கிட்ட இருக்கும் ஸார்புறூக்கன் நகரத்தில் பொலிஸ் அதிகாரியாக இருந்த கொன்றாட் மோஸ்ற் என்பவர் 1906இல் நாய்களைப் பொலிஸ் வேலைக்குப் பழக்கத் தொடங்கினார். 1910இல் நாய் பழக்குவது பற்றி ஒரு கைநூல் எழுதினார். அதன் சாரம் இதுதான்: நாய்க்கு நன்மை தீமை தெரியாது. கடமையும் தெரியாது. தான் செய்த செயலுக்கு அந்தக் கணத்திலேயே என்ன கிடைத்தது என்பது மட்டும் தெரியும். கொஞ்சம் பிந்திக் கொடுத்த இறைச்சித் துண்டும் பிந்திப் போட்ட அடியும் அதற்கு வேறு எதையோதான் படிப்பிக்கின்றன. மோஸ்ற்றின் முறையில் அடியும் முள்ளுக் கழுத்துப்பட்டியும் தாராளமாக இருந்தன என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் ‘நன்றியுள்ள நாய்’ என்று நாங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கதையை அவர் பிடுங்கி எறிந்துவிட்டார். 1914இல் போர் தொடங்கியபோது அந்த முறை போர்முனைக்குப் போனது. செய்தி கொண்டு ஓடவும், காயப்பட்டவர்களைத் தேடவும், காவல் நிற்கவும் பல்லாயிரம் நாய்கள் பழக்கப்பட்டன.

போர் முடிந்தபோது நாடு பட்டினி கிடந்தது. பழக்கப்பட்ட நாய்கள் விலைக்கு வந்தன. பிறெஸ்லாவில் 1917இல் பிறந்து பெர்லினில் பொலிஸ் நாயாகப் பழக்கப்பட்ட எற்சல் என்ற ஷெப்பேர்ட் நாய், சொந்தக்காரர் நொடித்துப்போனதால் 1920இல் அமெரிக்காவுக்கு விற்க அனுப்பப்பட்டது. அங்கே ‘ஸ்ரோங்ஹார்ட்’ என்ற பெயரில் பெரிய நடிகனாகியது. 1918 செப்ரெம்பரில் லொறேன் பகுதியில் குண்டு விழுந்த ஜேர்மன் நாய்க் கொட்டில் ஒன்றில் லீ டன்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய் குட்டியாகக் கண்டெடுத்ததுதான் ‘றின் ரின் ரின்’. அதன் புகழைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆக, ஹொலிவூட்டின் முதல் நாய் நட்சத்திரங்களில் இரண்டு, தோற்ற நாட்டில் இருந்து போனவை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு குதிரை இருந்தது. கணக்குச் செய்யும் குதிரை. ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் பன்னிரண்டு தரம் தட்டும். ‘கெட்டிக்கார ஹான்ஸ்’ என்று பெயர். வில்ஹெல்ம் ஃபொன் ஒஸ்ரென் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்குக் கரும்பலகை வைத்துப் படிப்பித்தார். 1904இல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஒஸ்கார் ப்ஃபுங்ஸ்ற் என்ற ஆய்வாளர் பொறுமையாக இருந்து பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரை காணமுடியாமல் மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வரும்போது கேட்பவரின் தலை தன்னையறியாமல் மயிரிழை அளவு நிமிர்கிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது, மனிதரைத் தெரியும். 1907இல் இது நூலாக வந்தது. நம்பிப் படிப்பித்த ஆசிரியர் 1909இல் மனம் கசந்து இறந்துபோனார்.

எனக்கு இந்தக் கிழவரில் ஒரு பரிவு உண்டு. அவர் தெரியாமல் செய்ததைத்தான் ஸ்பிற்ஸ் தெரிந்து செய்து பிழைத்தார்.

மௌனப்பட காலத்தில் நாய் பழக்குபவருக்குக் கஷ்டம் இல்லை. கமெராவுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தலாம். “ஓடு! படு! குரை!” யாருக்குக் கேட்கப்போகிறது? 1927க்குப் பிறகு பேசும்படம் வந்தது. ஒலிவாங்கி எல்லாவற்றையும் கேட்டது. கத்திப் பிழைத்தவர்கள் திகைத்து நின்றபோது, சத்தமில்லாமல் கையால் மட்டும் கட்டளை கொடுக்கும் முறையை ஸ்பிற்ஸ் தன் நாய்களுக்குப் பழக்கினார். முதலில் சொல்லும் சைகையும் சேர்ந்து வரும். நாய் சரியாகச் செய்த அதே நொடியில் தீன் கிடைக்கும். பிறகு சொல்லைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் கை மட்டும் மிஞ்சும். அதன் பின் தூரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு அடியில் இருந்து பார்த்த கையை விளக்குகளுக்கும் வயர்களுக்கும் நடுவே இருபது முப்பது அடி தள்ளியும் நாய் தேடிப் பார்க்கவேண்டும். இதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. நாய் நடிகையைப் பார்ப்பதுபோல இருக்கவேண்டும் என்றால் பழக்குபவர் நடிகைக்குப் பின்னால், கமெராவின் சட்டத்துக்கு வெளியே, அந்தத் திசையில் போய் நிற்கவேண்டும். நாங்கள் அன்பு என்று நினைக்கும் பார்வை அவருடைய கைக்கானது. படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டோட்டோவின் கண் பல இடங்களில் டொரதியைத் தாண்டி எங்கோ போகும்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜேர்மன் பாஷை ஒரு சொல்லும் தெரியாமல் சமையலறைக்குள் போன முதல் வருடம் நானும் கையைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். கோப்பை மெசினும் புகைபோக்கியும் போடும் சத்தத்தில் தெரிந்திருந்தாலும் கேட்டிருக்காது. செஃப் இரண்டு விரலைக் காட்டினால் சூப் கிண்ணம் இரண்டு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடுப்பைக் குறை. நான் கெட்டிக்காரன் என்று மூன்றாம் மாதம் சொன்னார். ஹான்ஸ் குதிரையின் கெட்டித்தனம்தான்.

டெரி 1934இலேயே படங்களில் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி ரெம்பிளோடு ‘பிறைட் ஐஸ்’ படத்தில் வந்தது. ‘ஓஸ்’ கதைப் புத்தகத்தைப் படமாக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் ஸ்பிற்ஸ் காத்திருக்கவில்லை. புத்தகத்தில் அந்த நாய் என்ன என்ன செய்கிறதோ அதையெல்லாம் முன்கூட்டியே டெரிக்குப் பழக்கி வைத்தார். எம்.ஜி.எம். நிறுவனம் பொருத்தமான நாய் தேடி அலைந்துவிட்டுக் கடைசியில் அவரிடம் வந்தபோது வேலை முடிந்திருந்தது. டொரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் அப்போது பதினாறு வயதுப் பெண். பழக்கம் பிடிக்கட்டும் என்று நாயை இரண்டு கிழமை அவளுடைய வீட்டில் விட்டார்கள். பிரிய மனமில்லாமல் அவள் விலைக்குக் கேட்டாள். ஸ்பிற்ஸ் கொடுக்கவில்லை.

1938 ஒக்ரோபரில் படப்பிடிப்புத் தொடங்கி அடுத்த மார்ச் வரை போனது. வர்ணப்படத்துக்கு வேண்டிய விளக்குகளால் தளம் அடுப்படியாகக் கொதித்தது. சூறாவளிக் காட்சிக்குப் பெரிய காற்றாடிகளைப் போட்டபோது நாய் மிரண்டது. பிறகு கார்லண்டின் காலுக்குப் பின்னால் ஒதுங்கினால் காற்று குறைவு என்று தானே கண்டுபிடித்துக்கொண்டது. சூனியக்காரியின் காவலாளியாக நடித்த ஒருவர் தவறுதலாக மிதித்ததில் கால் சுளுக்கிச் சில நாள் வேலைக்கு வரவில்லை. பதில் நாய் போட்டு எடுத்தார்கள்.

இனி அண்ணையின் கேள்விக்கு வருகிறேன். டெரிக்குக் கிழமைக்கு 125 டொலர். அது ஸ்பிற்ஸின் கைக்குப் போனது என்பது வேறு விடயம். அதே படத்தில் ‘மஞ்ச்கின்’ என்ற குள்ள மனிதர்களாக நடிக்க 120க்கு மேற்பட்ட உயரம் குறைந்த ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களில் பலரை ஒழுங்கு செய்து கொடுத்தவர் வியன்னாவில் இருந்து வந்த லியோ சிங்கர் என்ற ஏஜென்ற். ஆளுக்கு 100 டொலர் வாங்கி 50ஐ அவர்களுக்குக் கொடுத்தார் என்பது படத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் கணக்கு. நாய்க்கு 125, மனிதருக்கு 50. அந்தக் குள்ள மனிதர்களுக்குள் ஜேர்மனியில் இருந்து போனவர்களும் இருந்தார்கள். டிறெஸ்டனுக்குக் கிட்ட இருக்கும் ஸ்ரொல்பன் என்ற ஊரில் குர்ற் ஷ்னைடர் என்ற பெயரில் பிறந்து, ஹரி ஏர்ல்ஸ் என்ற பெயரில் சகோதரிகள் மூவரோடும் படத்தில் நின்றவர் ஒருவர்.

அண்ணையிடம் இதைச் சொன்னபோது, “இடையிலை ஏஜென்ற் அடிச்சிட்டானோ? எல்லா இடமும் உதுதான்” என்றார். அவரும் ஒரு ஏஜென்றுக்குக் காசு கட்டி வந்தவர்.

ஆனால் அந்த மனிதர்கள் போகாமல் இங்கேயே இருந்திருந்தால்? இந்த இடத்தில் கதை வேறு விதமாக இருண்டு போகிறது. டெரி பிறந்து சரியாக ஒரு கிழமைக்குப் பிறகு, 1933 நவம்பர் 24இல், ஹிட்லரின் அரசு மிருகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே விரிவானவற்றுள் ஒன்று. அதில் ஒரு பிரிவு, பழக்குவதற்கோ திரைப்படம் எடுப்பதற்கோ ஒரு மிருகத்துக்குக் கடும் நோவோ உடற்கேடோ உண்டாகும்படி அதைப் பயன்படுத்துவது குற்றம் என்று சொன்னது. அமெரிக்காவில் அப்போது அப்படி ஒரு காவல் இல்லை. ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ என்ற படத்துக்காக ஒரு குதிரையை மலைமுகட்டில் இருந்து விழுத்திக் கொன்ற பிறகுதான், 1940இல், மிருகநலச் சங்கத்தார் ஹொலிவூட்டில் அலுவலகம் திறந்து படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். ஜேர்மனி ஏழு வருடம் முந்திவிட்டது. அதே ஜேர்மனி, உடலாலும் மனதாலும் குறைபட்டவர்கள் என்று தான் குறித்தவர்களைக் கொல்ல அனுமதித்த கடிதத்துக்கு 1939 செப்ரெம்பர் 1 என்று திகதியிட்டது. 1941 ஓகஸ்ற்றுக்குள் எழுபதினாயிரம் பேர்வரை நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். 1942 மே மாதம் யூதர்கள் வீட்டில் நாய் பூனை வளர்ப்பதையும் தடைசெய்தார்கள். விக்ரர் கிளெம்பெரர் என்ற பேராசிரியர் தன் பூனையைக் கொல்லக் கொடுக்கவேண்டி வந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

“இந்த நாட்டிலை நாய்க்கு இருக்கிற மதிப்பு எங்களுக்கு இல்லை” என்று எம்மவர்கள் சொல்வதுண்டு. நாய்க்கும் நீல நிறத்தில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருக்கிறது, எங்கள் அகதிப் புத்தகமும் நீலம் என்று நானும் பகிடி விட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பகிடி எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. நாயில் இரங்கியதால் மனிதரில் இரக்கம் குறைந்தது என்று சொல்லமுடியாது. யாரை வீட்டுக்குள் எடுப்பது, யாரை வெளியில் விடுவது என்ற கணக்கு நாய்களால் எழுதப்படவில்லை. இன்றைய ஜேர்மன் சட்டத்திலும் நோவோ கேடோ வரும்படி மிருகத்தைப் படத்தில் நடிக்க வைக்கக்கூடாது என்ற பிரிவு இருக்கிறது. 2002இல் மிருகப் பாதுகாப்பு அரசியலமைப்புக்குள்ளேயே வந்துவிட்டது. 2014இல் இருந்து கூலிக்கு நாய் பழக்குபவர் அதிகாரிகளிடம் அனுமதி எடுக்கவேண்டும். இவை நல்ல விடயங்கள். எங்கள் பக்கத்தில் ‘நல்ல நேரம்’ யானைகளையும் ‘ஆட்டுக்கார அலமேலு’ ஆட்டையும் பார்த்துக் கைதட்டிய எங்கள் பெற்றோரோ, பிறகு கொப்பியில் பார்த்த நாங்களோ, அவற்றைப் பழக்கிய ஆட்களைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. 

1941 முடிவில் அமெரிக்கா போருக்குள் இறங்கியது. அடுத்த மாதமே வீட்டு நாய்களை இராணுவத்துக்குத் தானம் செய்யும்படி குடும்பங்களிடம் கேட்கும் இயக்கம் தொடங்கியது. பத்தாயிரம் நாய்கள்வரை பழக்கப்பட்டன. அந்த வேலைத்திட்டத்துக்கு உதவியவர்களில் ஒருவர் கார்ல் ஸ்பிற்ஸ். ஜேர்மன் இராணுவத்தில் கற்ற கை, ஒரு குழந்தைப் படத்தைச் சுற்றிவிட்டு, இப்போது ஜேர்மனிக்கு எதிரான இராணுவத்தில் நின்றது. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? சண்டை போடும் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியிருந்தது ஒரே சைகைதான்: இரு, போ, தேடு, வா.

‘இரு’ என்ற சைகை எனக்கும் தெரியும். பரந்தனில் எங்களிடம் வெள்ளையன் என்று ஒரு ஊர்நாய் இருந்தது. நான் ரியூசனுக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டால் பின்னாலேயே ஓடிவரும். றோட்டில் வாகனம் அடித்துவிடும் என்ற பயத்தில் அதற்கு ஒரேயொரு வித்தை பழக்கினேன். உள்ளங்கையை விரித்து முன்னே காட்டினால் இருக்கவேண்டும். கருவாட்டுத் துண்டு கொடுத்து இரண்டு கிழமையில் பிடித்துக்கொண்டது. சொல் எதுவும் தேவையில்லை. மோஸ்ற் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் செய்தது அவருடைய முறைதான். 2008 மார்கழியில், ஷெல் கிட்ட விழத் தொடங்கியபோது, ஒரு உழவு இயந்திரப் பெட்டிக்குள் மூன்று குடும்பத்தின் சாமான்களோடு தருமபுரம் பக்கம் வெளிக்கிட்டோம். மழை. வெள்ளையன் சேற்றுக்குள்ளால் பின்னால் ஓடிவந்தது. பெட்டிக்குள் இடமில்லை. அம்மா, “அதை நிற்பாட்டடா, சில்லுக்குள்ளை விழப்போகுது” என்றா. நான் கையை விரித்துக் காட்டினேன்.

அது இருந்துவிட்டது. நடு றோட்டில், காதை நிமிர்த்திக்கொண்டு, என் கையைப் பார்த்தபடி.

‘வா’ என்ற சைகையை நான் அதற்குப் பழக்கவில்லை. கூப்பிட்டால் வரும்தானே என்று விட்டிருந்தேன்.

டெரி 1942இல் ‘ரோர்ட்டியா ஃப்ளற்’ படத்தில் வந்தது. ‘ஓஸ்’ஸை இயக்கிய விக்ரர் ஃபிளெமிங்கின் படம்தான் அதுவும். 1945 செப்ரெம்பர் 1இல் இறந்தது. போலந்துக்குள் ஜேர்மன் படை புகுந்த நாளில் இருந்து எண்ணினால் அன்றோடு சரியாக ஆறு வருடம். ஸ்பிற்ஸ் லொஸ் ஏஞ்சலிஸில் தன் நாய்ப் பள்ளிக்கூடத்து நிலத்திலேயே அதைப் புதைத்தார். 1958இல் வென்ரூறா நெடுஞ்சாலை அந்த நிலத்தினூடாகப் போனபோது புதைகுழியும் போய்விட்டது. 2011 ஜூன் 18இல், ரசிகர்கள் சேர்ந்து ஹொலிவூட்டின் மயானம் ஒன்றில் டெரிக்கு ஒரு சிலை வைத்தார்கள். கூடை ஒன்றில் நிற்கிற மாதிரி. எலும்புகள் அங்கே இல்லை, றோட்டுக்குக் கீழே இருக்கின்றன.